கேட்டால்தான் தீட்டு

தந்தி வந்தது புதன்கிழமை காலையில. அது வந்த நேரத்தைப் பாருங்க. பத்தொன்பது பேரும் பாக்மதி ஆத்துல முழுகி எந்திரிச்சு, பல்லுக் கிட்டிப் போயி, பசுபதிநாதர் கோயிலுக்குக் கிளம்பி நிக்கற நேரம். மாசி மாசத்துக் காட்மாண்டுக் குளிர். திருப்பூர்ல மார்கழிக்குப் போர்த்தற துண்டு அங்க எந்த மூலைக்கு?

பத்தொன்பதுல பதினெட்டுப் பேர் பங்காளிகளும் பங்காளி ஊட்டுப் பொம்பளைகளும். ஒரே குலம், ஒரே குலசாமி. அதுல ஒருத்தர் செத்தா எல்லாருக்கும் தீட்டு. கூட்டிட்டு வந்தவர் பனியன் கம்பெனி முதலாளி ஆறுமுகசாமி. பத்தொன்பதாவது ஆள் அவரோட கம்பெனிக் குமாஸ்தா ஈஸ்வரமூர்த்தி. சாதி ஒண்ணுதான், குலம் வேற, மாமன் மச்சான் முறை. கம்பெனிச் சரக்கு வாங்கற கல்கத்தாக்காரனுக்கு இங்கிலீசுல கடிதாசி எழுதி எழுதி, அவன்கூட டெலிபோன்ல மல்லுக்கட்டி, அரைகுறை இந்தியும் அவனுக்கு வந்திருந்துச்சு. அந்த நாக்குக்காகத்தான் அவனை ஓசியில கூட்டிட்டு வந்தாரு. அறுபத்தெட்டாம் வருசத்துல ஒரு குமாஸ்தா இமயமலையைப் பாக்கறதுன்னா வேற எப்படி?

ஓசியில வந்த இன்னொரு ஆள் மருதம்மாள். ஆறுமுகசாமிக்குச் சித்தப்பன் மகன் பொண்டாட்டி. புருசன் போயிப் பன்னண்டு வருசம் ஆச்சு. அதே கம்பெனியில பனியன் மடிச்சுப் பெட்டி கட்டற வேலை. பதினெட்டுப் பேருக்கும் வழியில ஆக்கிப் போடறதுக்குன்னு வந்தா. ஊட்டுல அவளுக்கு ரெண்டே உசுரு: எண்பது தாண்டி நார்க்கட்டிலோட கிடக்கற மாமியா ஒண்ணு, இருபத்திரண்டு வயசு மகன் தங்கவேலு ஒண்ணு. அவனும் அதே கம்பெனியில மிசின் ஓட்டறான். கிளம்பற அன்னைக்கு அவனுக்குச் சித்தெ காச்சல் அடிச்சுது. நான் போகலைடா சாமீன்னு இவ உக்காந்துட்டா. இமயமலை என்ன அவினாசியா, அடுத்த வெள்ளிக்கிழமை போயிக்கலாங்கறதுக்குன்னு அவன்தான் பிடிச்சுத் தள்ளிவிட்டான்.

தந்திக்காரன் சத்திரத்து வாசல்ல வந்து நின்னு பேரைச் சொன்னான். அவன் சொன்ன விதத்துல மருதம்மாளுக்கே அது தன்ற பேருன்னு தெரிஞ்சிருக்காது. அவ பின்கட்டுல புளிச்சோத்தை டப்பாவுல அமுக்கிக்கிட்டு இருந்தா. ஈஸ்வரமூர்த்தி கையெழுத்துப் போட்டு வாங்கினான். ஓரத்தைக் கிழிக்கறதுக்கு விரலை வெச்சான், ஆறுமுகசாமி அவன் மணிக்கட்டைப் புடிச்சுட்டாரு.

அவருக்குத் தந்தி புதுசில்லை. கல்கத்தா வியாபாரி மாசத்துக்கு நாலு தந்தி அடிப்பான். ஆனா பனியன் மடிக்கிறவளுக்கு எவன் தந்தி அடிப்பான்? எமன்தான் அடிக்கணும்.

"பிரிக்காத ஈசுரா. கெழவி போயிருச்சு, வேற என்ன. எங்க காதுல உழுந்துச்சுன்னா பதினெட்டுப் பேருக்கும் தீட்டு. ஆயிரம் மைல் வந்துட்டு வாசல்ல நின்னு திரும்பறதா? உனக்கு ஒண்ணுமில்லை, நீ பங்காளி இல்லை. நீயே வெச்சிரு."

வேற சேதியா இருந்தா என்னங்க பண்றதுன்னு ஈஸ்வரமூர்த்தி மெதுவாக் கேட்டான். உசுரோட இருக்கற யாராச்சும் கூப்பிட்டிருந்தா ஒவ்வொரு நாளும் முக்கியமாச்சுங்களேன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பாத்தாரு. எண்பத்து மூணு வயசுக் கட்டை, பழுத்த பழம், உதிந்திருக்கு; இவ அடிச்சுப் புடிச்சுப் போனாலும் அதுக்குள்ள எரிச்சுப் பால் ஊத்தி முடிச்சிருப்பாங்க; ஐயனைப் பாத்துட்டு வந்து நானே பதமாச் சொல்லிக்கறேன், நட, அப்படின்னாரு. ஈஸ்வரமூர்த்தி தந்தியைச் சட்டையோட உள் பையில போட்டுக்கிட்டான். கம்பெனிச் சோறு தின்னற வாய் அதுக்கு மேல பேசுமா?

கேட்டால்தான் தீட்டுங்கறது ஊர்ல உள்ளதுதான். தூர தேசத்துல எழவு உழுந்தா, சேதி காதுல உழுகற நேரத்துல இருந்துதான் கணக்கு. கேக்காத வரைக்கும் கோயிலுக்குப் போகலாம், நோம்பி கும்பிடலாம், கறி கூட ஆக்கலாம். நம்ம பெரியவங்க நல்லதுக்குத்தான் வெச்சாங்க. ஆனா கேக்காம இருக்கறதையே ஒரு வேலையாச் செய்யச் சொல்லி எந்தப் பெரியவங்களும் சொல்லலை.

தந்திக்காரன் வந்ததை மத்தவங்களும் பாத்துட்டாங்க. அத்தனை பேருக்கும் கண்ணு இருக்குதே. ஆறுமுகசாமி சம்சாரம் ஜானகியம்மாள் புருசன் மூஞ்சியைப் பாத்தா, ஈஸ்வரமூர்த்தி சட்டைப் பையைப் பாத்தா, அப்பறம் வானத்தைப் பாத்து இன்னைக்கு மழை வருமாட்டத் தெரியுதுன்னா. கோயில் படியேறறதுக்குள்ள பதினேழு பேருக்கும் தெரிஞ்சு போச்சு. ஒருத்தர் கூட என்னன்னு கேக்கலை. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுங்கற கதைதான்.

அப்பறம் ஆரம்பிச்சுது பாருங்க பாசம். அத்தனை வருசமும் விசேசத்துல பின்னால நில்லுன்னு சொன்ன சனம், பசுபதி சன்னிதியில மருதம்மாளை முன்னால தள்ளிவிட்டுச்சு. நாலு பக்கமும் முகம் வெச்ச லிங்கம். நாலு வாசல்லயும் நின்னு பாக்கணும். நாலு வாசல்லயும் அவதான் மொதல்ல பாத்தா. அங்க பூசை பண்றவங்க தெக்கத்திக் கன்னடக்காரங்க. அதுல ஒருத்தர் உருத்திராச்சம் ஒண்ணை எடுத்து அவ கையில வெச்சாரு. மகனுக்குன்னு அவ முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. ஆத்தோரத்துல பொணம் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஜானகியம்மாள் அவ தோளைப் புடிச்சு, அந்தப் பக்கம் பாக்காத வான்னு கூட்டிட்டுப் போனா. மத்தியானம் கரண்டியைக் கூட அவ கையில இருந்து புடுங்கிக்கிட்டாங்க.

மருதம்மாளுக்கு ஒண்ணும் புரியலை, ஆனா சந்தோசம். எல்லாம் சாமி மகிமைன்னு நெனைச்சுக்கிட்டா. இத்தனை நாள் இல்லாத பிரியம் எங்கிருந்து தம்பி வந்துச்சுன்னு ஈஸ்வரமூர்த்திகிட்டயே கேட்டா. அவன் செருப்பைத் தேடற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டான்.

சாயங்காலம் அவன் முதலாளிகிட்டப் போயி, ஐயனைப் பாத்தாச்சுங்களே, சொல்லிரலாங்களான்னான். அம்மனைப் பாக்காம ஐயனை மட்டும் பாத்தா என்ன புண்ணியம், நாளைக்குக் குஹ்யேஸ்வரி இருக்குன்னாரு. வியாழக்கிழமை குஹ்யேஸ்வரி ஆச்சு. அங்கிருந்து அப்படியே வடக்க மலையடிவாரத்துல புடாநீலகண்டர். பேருதான் நீலகண்டர், படுத்திருக்கறது பெருமாள். குளத்துத் தண்ணிக்குள்ள, பாம்பு மேல, ஒரே கருங்கல்லுல, ரெண்டு ஆள் நீளத்துக்கு மேல. மருதம்மாள் கரையில நின்னு, சாமிக்குக் குளிராதான்னு கேட்டா. எல்லாரும் அளவுக்கு மீறிச் சிரிச்சாங்க. அன்னைக்கும் சாயங்காலம் அவன் போயிக் கேட்டான். நாளைக்குச் சுயம்புநாதர்ன்னாரு.

அது புத்தர் கோயிலுங்களேன்னான் ஈஸ்வரமூர்த்தி.

"புத்தரும் பெருமாள் அவதாரம்தான். உனக்குத் தெரியாட்டிச் சும்மா இரு."

இதை அவரு ரக்சோல்ல இருந்து வர்ற பஸ்ஸுல, பக்கத்துல உக்காந்திருந்த மார்வாடி சொல்லிக் கேட்டு முழுசா நாலு நாள் ஆகலை. அதுவரைக்கும் புத்தர்னா அவருக்குக் கல்கத்தாவுல விக்கற சாம்பிராணி டப்பாப் படம்.

வெள்ளிக்கிழமை சுயம்புநாதர் குன்று. செங்குத்தா முன்னூத்துச் சொச்சம் படி. படிக்கு ரெண்டு கொரங்கு. மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச பெரிய கும்மட்டம், அதுக்கு மேல நாலு பக்கமும் கண்ணு எழுதின தங்கக் கோபுரம். சுத்தி வர மந்திரம் எழுதின உருளைக; கும்பிடறவங்க அதைக் கையால உருட்டிக்கிட்டே போறாங்க. நம்ம சனமும் பழனியில கிரிவலம் வர்ற நெனப்புல அரோகரா போட்டுக்கிட்டே உருட்டுச்சு. கீழ பள்ளத்தாக்கு பூராவும் தெரிஞ்சுது, அதுக்கு அக்கட்டால பனிமலை. ஈஸ்வரமூர்த்திக்கு அது எதுவுமே கண்ணுல ஏறலை. நெஞ்சுக்கு நேரா அந்தக் காகிதம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

கும்மட்டத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்மன் கோயில். ஹாரதி தேவியாம். புத்தர்க்காரங்களும் கும்பிடறாங்க, நம்மாளுகளும் கும்பிடறாங்க. பொம்பளைங்க கைக்கொழந்தையோட வரிசையில நின்னாங்க. இது என்ன அம்மன்னு மருதம்மாள் கேட்டா. பூசாரிகிட்ட இந்தியில கேட்டு, அவன் சொன்னதை ஈஸ்வரமூர்த்தி சொன்னான்: அம்மை, காச்சல் எதுவும் பிள்ளைகளை அண்டாமக் காக்கிற தெய்வமாம். நம்ம மாரியாத்தா மாதிரி.

மருதம்மாள் கையை எடுத்துக் கும்பிட்டா. கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்னா. அப்பறம் திரும்பி, "தங்கவேலுக்குக் காச்சல் உட்டிருக்குமுங்களா தம்பி?"ன்னு கேட்டா. சும்மா, மனசுல இருக்கறது வாயில வர்ற மாதிரிக் கேட்டா.

உட்டிருக்குமுங்கன்னான். சொல்லிட்டு, அந்தக் கோயிலுக்குப் பின்னால, கல்லுக் கும்மட்டங்க சின்னதும் பெருசுமா நிக்கற எடத்துக்குப் போயி, தந்தியைக் கிழிச்சான்.

அதுல கெழவி பேரே இல்லை. 'தங்கவேலுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரி. அம்மா எங்கே என்கிறான். உடனே கிளம்பவும். கன்னையன்.' கன்னையன்கிறது தங்கவேலுக்குப் பக்கத்து மிசின்ல நிக்கற சேக்காளி. போஸ்டாபீஸ்காரர் ஒருத்தரை இங்கிலீசுல எழுதித் தரச் சொல்லி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடிச்சிருக்கான்.

ஈஸ்வரமூர்த்தி தந்தியை மடிக்கக் கூட இல்லை. கும்மட்டத்தைச் சுத்திக்கிட்டு ஓடுனான். ஆறுமுகசாமி உருளையை உருட்டிக்கிட்டு இருந்தாரு. காதைப் பொத்தறதுக்குக் கை தூக்கினவரு, சாவு இல்லீங்க, உசுரோட இருக்கான்னு இவன் சொன்னதும் கையைத் தாழ்த்தினாரு. தந்தியைப் படிச்சுச் சொன்னான். மனுசன் அப்படியே கல்லு மேல உக்காந்துட்டாரு. அந்தப் பையனை அவரு தோள்ல தூக்கி வளத்தவரு, பொய் சொல்லக் கூடாது.

ஆனா பயம் வந்த மனுசனுக்குப் புத்தி எங்க போகும்? மூணு நாள் ஆச்சேடா, இப்பச் சொன்னா மூணு நாளா என்ன பண்ணுனீங்கன்னு கேப்பாளே, ஊர்ல போயி என்ன சொல்லுவான்னாரு. மொதல்ல எப்படி இருக்கான்னு கேட்டுத் தந்தி அடி, பதிலுக்கும் இங்கயே பணம் கட்டிரு. டைபாய்டுக்கு இப்பல்லாம் மாத்திரை வந்திருச்சு, இந்நேரம் எந்திரிச்சு உக்காந்திருப்பான். நல்லாயிருந்தான்னா சொல்லவே வேண்டியதில்லைன்னாரு. அந்த எடத்துல ஈஸ்வரமூர்த்தி என்ன செஞ்சிருக்கணும்? முப்பதடி தூரத்துல நிக்கறா அந்தப் பொம்பளை. நேராப் போயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அவன் சரிங்கன்னு தலையாட்டிட்டுத் தந்தியாபீசுக்கு நடந்தான். அவரையாச்சும் மன்னிச்சுரலாம், இவனை எனக்கு மன்னிக்க மனசு வரலை.

சனிக்கிழமை மத்தவங்க பாட்டனுக்குப் போனாங்க. அது பள்ளத்தாக்குக்குள்ளயே இன்னொரு பழைய ராஜா ஊரு. ஈஸ்வரமூர்த்தி தந்தியாபீஸ் பெஞ்சுல உக்காந்திருந்தான். பதினோரு மணிக்குப் பதில் வந்துச்சு. 'தங்கவேலு இன்று விடிகாலை காலமானான். வைத்திருக்க முடியாது. மாலை எடுக்கிறோம்.'

பாட்டனுக்குப் போற பஸ்ஸுல நின்னுக்கிட்டே அவன் நாளைக் கூட்டிப் பாத்தான். வேண்டாம்னாலும் மனசு கூட்டுச்சு. புதன்கிழமை மத்தியானம் இங்க ஏரோப்ளேன் ஏறியிருந்தா ராத்திரி கல்கத்தா. அங்க நம்ம ஏஜெண்டு இருக்கான், மறுநாள் மெட்ராஸ் ப்ளேன்ல ஏத்திவிட்டிருப்பான். வியாழக்கிழமை ராத்திரி ரயிலு. வெள்ளிக்கிழமை விடிய திருப்பூர் டேசன்ல இறங்கியிருப்பா. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மகன் தலைமாட்டுல உக்காந்திருப்பா. பொழைச்சிருப்பானோ என்னமோ, அது வேற. அம்மா எங்கேன்னு கேட்டுக்கிட்டே போயிருக்க மாட்டான்.

பாட்டன்ல அரமனைக்கு எதுக்க முழுக்கக் கல்லுலயே கட்டின கிருஷ்ணர் கோயில். ஆறுமுகசாமி வெளிய நின்னுக்கிட்டிருந்தாரு. அவரு காலடியில ஒரு மூட்டை. முந்தின நாள் சாயங்காலம் பொம்பளைங்க எடுத்த ஜப்பான் நைலான் சேலைக, சத்திரத்துல வெக்கப் பயந்து கூடவே தூக்கிட்டு வந்தது. ஈஸ்வரமூர்த்தி வர்ற நடையிலயே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. ஆனா கை தானா மேல எந்திரிச்சுது.

"வேண்டாஞ் சாமி, சொல்லாத. நாளைக்குச் சாங்கு நாராயணர் ஒண்ணுதான் பாக்கி. பஸ் ஏறினதும் நானே சொல்லிக்கறேன். போனவன் போயிட்டான், இனி நாளைக்குச் சொன்னா என்ன, இன்னைக்குச் சொன்னா என்ன?"

நாலு நாளைக்கு அப்பறம் ஈஸ்வரமூர்த்திக்கு முதுகெலும்பு வந்துச்சு. அவரைத் தாண்டிப் போனான். மருதம்மாள் கோயில் படியில இறங்கி வந்துக்கிட்டிருந்தா; மொதல்ல உள்ள விட்டதால மொதல்ல வெளிய வந்துட்டா. நெத்தியில சந்தனம். அவன் அவ எதுக்க நின்னு, தங்கவேலு டைபாய்டுல படுத்தது, அம்மாவைக் கேட்டது, இன்னைக்கு விடியால போனது, எல்லாத்தையும் நிறுத்தாமச் சொல்லிட்டான். நிறுத்தினா மறுபடியும் சொல்ல முடியாதுன்னு தெரியும்.

அவ அழுகலை. படியில கையை ஊனி உக்காந்தா.

"மொதத் தந்தி என்னைக்குங்க தம்பி வந்துச்சு?"

"புதன்கிழமைங்க."

"குளிச்சுப் போட்டு நின்னமே, அப்பங்களா?"

"ஆமாங்க."

அவ வெரலை மடக்கினா. புதன், வியாழன், வெள்ளி. மூணாவது வெரலை மடக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தா. பின்னால கோயிலுக்குள்ள நம்ம சனம் அரோகரா போடற சத்தம் கேட்டுச்சு. நாலு நாளா எதுக்கு அத்தனை பேரும் தன்னைத் தாங்கினாங்கன்னு அவளுக்கு அப்பத்தான் வெளங்கியிருக்கணும். எந்திரிச்சா. நேரா ஆறுமுகசாமிகிட்ட வந்து, முறைப்படி முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு நின்னா.

"மாமா, என்ற பையன் தங்கவேலு செத்துப் போயிட்டானுங்க. உங்க காதுல உழுந்துச்சுங்களா?"

அவரு உழுந்துச்சுன்னு தலையை மட்டும் ஆட்டினாரு. அவ அடுத்த ஆள்கிட்டப் போனா.

ஒருத்தர் விடாமச் சொன்னா. முறை சொல்லிக் கூப்பிட்டு, மருவாதி குறையாமச் சொன்னா. ஜானகியம்மாள் அப்பத்தான் பூத்தட்டோட சன்னிதிக்குப் போக இருந்தா. அவளை நிறுத்தி, அக்கா, என்ற பையன் தங்கவேலு செத்துப் போயிட்டானுங்கன்னா. தட்டு அப்படியே கையில நின்னு போச்சு. சிவசுப்பிரமணியம்னு ஒரு பங்காளி துண்டை எடுத்துக் காதோட சேத்துத் தலைப்பாக் கட்டிக்கிட்டான். அவன் எதுக்க அவ பேசாம நின்னா. எவ்வளவு நேரம்தான் அவனும் நிப்பான்? துண்டை அவுத்தான், சொன்னா. எல்லாருக்கும் மூத்தவர் குமாரசாமிக்குக் காது மந்தம். அவருக்கு மட்டும் ரெண்டு தரம், உரக்கச் சொன்னா. அந்த ஊர்க்காரங்க என்ன வேண்டுதலோன்னு வேடிக்கை பாத்தாங்க.

பதினேழு பேருக்கும் சொல்லி முடிச்சு, ஈஸ்வரமூர்த்தி நின்ன எடத்துக்கு வந்தா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தான். அவ அவனைத் தாண்டிப் போயிட்டா.

தீட்டு வந்தாச்சு, தலை முழுகணுமே. கோயிலுக்குப் பக்கத்துல பள்ளத்துக்குள்ள படி இறங்கிப் போனா, முதலை வாய் மாதிரிச் செதுக்கின மூணு கல்லுத் தூம்பு, ராவும் பகலும் தண்ணி கொட்டுது. பதினேழு பேரும் வரிசையா இறங்கினாங்க. ஆறுமுகசாமி மொதல்ல தலையைக் குடுத்தாரு, அங்கதான் அவரு வாய் விட்டு அழுதாரு. பொம்பளைங்க ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கிட்டு ஒப்பாரி வெச்சாங்க. ஊருக்குப் போனா பதினாறாம் நாள் காரியம் இருக்கு. அய்யரு வருவாரு, புண்ணியார்ச்சனை பண்ணி ஊடு பூராத் தண்ணி தெளிப்பாரு, அதோட அவங்க எல்லாருக்கும் கழிஞ்சு போயிரும்.

ஈஸ்வரமூர்த்தி சட்டையைக் கழட்டி மேல் படியில வெச்சுட்டு இறங்கினான். தலையோட அந்தத் தண்ணியில ஒரு தரம் நின்னாப் போதும்னு இருந்துச்சு அவனுக்கு. தூம்புக்குக் கீழ மருதம்மாள் நின்னுக்கிட்டிருந்தா. மசுரெல்லாம் மூஞ்சியில ஒட்டி, நெத்திச் சந்தனம் கரைஞ்சு வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவனைப் பாத்ததும் ஒரு கையை நீட்டித் தடுத்தா.

"உங்களுக்கு எதுக்குங்க தம்பி? நீங்க பங்காளி இல்லீங்களே. உங்களுக்குத் தீட்டே இல்லை, மேல போங்க."

அவன் மேல ஏறிப் போயி, சட்டையைப் போட்டுக்கிட்டு, எல்லாரும் குளிச்சு முடிக்கற வரைக்கும் நைலான் சேலை மூட்டைக்குக் காவலா நின்னான்.